வந்த தேதி

பதினோராவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
இந்தியாவுக்கு வந்த தேதி.
அதற்குக் கீழே
வந்த வழி: விமானம், கப்பல், தரை.
ஒன்றில் டிக் அடிக்கவும்.

இவர் பிறந்தது எழுபத்தொன்று ஐப்பசியில்,
புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டில்.
வந்த வழி மாமியாருக்குத்தான் தெரியும் என்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்துவிட்டாள்.
நல்ல பெண், பாவம்.
"காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காதுக்கா."

அறுபத்திரண்டில் ஆறு மாதம் தவணை கொடுத்தார்களாம்.
கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சுக்காரன்.
சும்மா இருந்தால் இந்தியன்.
மாமனார் வீரப்பன்
மில்லில் நைட் ஷிப்ட் முடித்து
பஞ்சு ஒட்டிய தலையோடு போய்ப் போட்டுவிட்டு வந்தார்.
அவர் தம்பிக்கு அந்த மாதம் முழுக்கக் காய்ச்சல்.
அதனால் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில்
கதவு எண் பதினான்கு பிரான்ஸ்,
பதினாறு இந்தியா.
நடுவில் ஒரு முருங்கை.
கம்பளிப்பூச்சி இரண்டு பக்கமும் விழும்.

பையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து வைக்கிறேன்.
பிறப்புப் பதிவில் தாண்டவராயனுக்கு எச் இல்லை.
பாஸ்போர்ட்டில் பெயரின் வாலில்
ஒரு ஈ உட்கார்ந்திருக்கிறது,
எத்தனை முறை விரட்டினாலும் போகாது.
பள்ளிச் சான்றிதழில் எச் உண்டு, ஈ இல்லை.
மூவரும் ஒருவரே என்று
இருபது ரூபாய் பத்திரத்தில் இவர் சத்தியம் செய்ய
நோட்டரி முத்திரை குத்தினார்.
தமிழில் எழுதினால் ஒரே ஆள்தான்.
தமிழில் எழுதக் கட்டம் இல்லை.

பிரான்ஸை இவர் பார்த்தது டிவியில்,
மலைப்பாதையில் சைக்கிள் பந்தயம்.
யார் ஜெயித்தது என்று தெரியாது.
"மாடெல்லாம் எவ்ளோ கொழுகொழுன்னு இருக்கு பாரு" என்றார்.
தேர்தல் முடிந்தால் என் விரலில் மை இருக்கும்.
இவர் தேர்தலில் மை கிடையாது.
ஓட்டுப் போட்டுவிட்டு வந்த கையோடு
யார் வீட்டு மோட்டாருக்கோ காயில் கட்டுவார்.

மாமியாருக்கு போன் போட்டேன், ஸ்பீக்கரில்.
"கட்டில் ஏது? மழைக்கு எல்லாரும் அங்கதான் கெடந்தாங்க.
தரையில பாய விரிச்சு, அதுலதான் பொறந்தான்."
அந்தப் பெண் ஒரு நொடி யோசித்தாள்.
பிறகு 'தரை'யில் டிக் அடித்தாள்.
தேதிக்குப் பிறந்தநாள்.
கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது.

இன்னும் ஒரு தாள் இருக்கிறதாம்,
வீட்டு உரிமையாளர் உறுதிமொழி.
பிரெஞ்சுப் பிரஜை பேரில் வீடு இருந்தால்
நாளைக்கு ஆயிரம் கேள்வி வரும் என்று
மாமனார் பதினான்காம் எண்ணை
என் பேருக்கு எழுதிவிட்டுத்தான் செத்தார்.
ஆக, இடம் கொடுப்பவள் நான்.
தங்குபவர் இவர்.
உறவு: கணவர்.
தங்கும் காலம்:

இருபத்தாறு வருடமாக
பாய்லரில் வெந்நீர் மிச்சம் வைக்காதவர்,
கரண்ட் போனால் எனக்கு முன்னால்
என் அம்மாவுக்கு விசிறியவர்,
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
வெள்ளைப் பின்னணியில் எடுத்த ஆறு போட்டோவையும்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
"ரெண்டு காதும் தெரியணும்னாங்க. தெரியுதா?"
தெரியுது.

"அஞ்சு வருஷம்னு போடுங்கக்கா,
அப்புறம் புதுப்பிச்சுக்கலாம்."

அஞ்சு போதுமா என்று இவரைக் கேட்டேன்.
"ஏதாவது போடு," என்றார்.
"வார்னிஷ் காஞ்சிருக்கும்.
மூணு மணிக்கு மோட்டாருக்கு ஆள் வரும்."